மூன்று வயதுக் குழந்தையோடு மான்டரே பே அக்வேரியம்: ஒரு நாள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

நாங்கள் முதல்முறை கலிஃபோர்னியாக் கடற்கரை ஊரான மான்டரேக்குப் போனது ஒரு நீண்ட வார இறுதியின் சனிக்கிழமை. சான் ஹோசேயிலிருந்து பத்தரை மணிக்குக் கிளம்பினோம். வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, வரிசையில் நின்று, உள்ளே நுழையும்போது மணி ஒன்று. கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு தொட்டியாக ஓடினோம். மகளுக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. மூன்று மணிக்கெல்லாம் அழ ஆரம்பித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "என்னடா பார்த்தே?" என்று கேட்டதற்கு, "நிறையப் பேரு" என்றாள்.

அதற்குப் பிறகு பல தடவை போய்விட்டோம். கடைசியாகப் போனபோது தூத்துக்குடியிலிருந்து என் அம்மாவும் வந்திருந்தார். அந்த நாள் அவ்வளவு நன்றாக அமைந்தது. சான் ஹோசே, ஃப்ரீமான்ட், சன்னிவேல் பக்கம் இருக்கிற நம் ஆட்கள் சின்னக் குழந்தையையும் ஊரிலிருந்து வந்த பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகும்போது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இரண்டிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தையை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு முடிவு எடுத்துக்கொள்ளுங்கள்: அன்றைக்கு நான்கே இடங்கள் பார்க்கப் போகிறோம். அங்கே இருப்பது அதைப்போலப் பல மடங்கு. மீதியை இன்னொரு நாளைக்கு விட்டுவிடலாம்.

படி 1: நாளைத் தேர்ந்தெடுப்பது, டிக்கெட் எடுப்பது

வேலை நாளில் போக முடிந்தால் செவ்வாய், புதன், வியாழன் நல்லது. பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் காலை வேளையில் மாணவர் கூட்டம் பேருந்துகளில் வந்து இறங்கும். மதியத்துக்கு மேல் அது கலைந்துவிடும். வார இறுதிதான் வாய்க்கும் என்றால் கதவு திறக்கும் நேரத்துக்கே வாசலில் நிற்க வேண்டும். பெரும்பாலான நாட்களில் காலை 10 மணிக்குத் திறக்கிறார்கள். ஆண்டில் டிசம்பர் 25 அன்று மட்டும்தான் விடுமுறை. ஆகஸ்டில் பழைய கார்களின் திருவிழா நடக்கும் வாரத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம். சாலையும் பார்க்கிங்கும் நிரம்பி வழியும்.

டிக்கெட்டை இணையத்தில், தேதி குறித்து முன்னாலேயே எடுத்துவிடுங்கள். பெரியவர் ஒருவருக்கு 50 டாலருக்கு மேல் ஆகும். மிகச் சின்னக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை; எந்த வயது வரை என்பதை டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் இரண்டு தடவை போகிற எண்ணம் இருந்தால் குடும்ப உறுப்பினர் அட்டையின் விலையையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு அந்த அட்டையில் பிடித்தது காசு மிச்சமாவதைவிட, "இன்றைக்கே எல்லாம் பார்த்தாக வேண்டும்" என்ற நெருக்கடி போய்விடுவதுதான். குழந்தைக்குத் தூக்கம் வந்தால் ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிடலாம், மனசு அடித்துக்கொள்ளாது.

படி 2: முந்தின இரவு

அக்வேரியத்தின் இணையதளத்தில் நேரலைக் கேமராக்கள் இருக்கின்றன. கடல் நீர்நாய், ஜெல்லிமீன், கெல்ப் (ராட்சதக் கடற்பாசி) காடு என்று தனித்தனியாக ஓடும். பகல் வெளிச்சம் இருக்கும்போதே குழந்தையோடு உட்கார்ந்து பத்து நிமிடம் பாருங்கள். மறுநாள் நேரில் பார்க்கும்போது, "இது நம்ம பார்த்த நீர்நாய்!" என்று அடையாளம் கண்டுகொள்கிற சந்தோஷமே தனி. புது இடத்தின் மிரட்சியும் பாதி குறைந்துவிடும்.

பையில் வைக்க வேண்டியவற்றில் முதலாவது ஸ்வெட்டர். ஜூலை மாதம்தானே, கலிஃபோர்னியாதானே என்று அரைக்கைச் சட்டையோடு போய் நடுங்குகிறவர்களை ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். மான்டரேயில் கோடையில்தான் மூடுபனி அதிகம். வெயில் அடிப்பது செப்டம்பர், அக்டோபரில். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்குக் காதை மூட ஒரு குல்லாவும் சால்வையும் கட்டாயம். குழந்தைக்கு ஒரு செட் மாற்று உடுப்பு, கூடவே இரண்டாவது செட்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன். அப்புறம் ஈரத்துணி, சின்னத் துண்டு, தண்ணீர், தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம். மடக்கக்கூடிய இலேசான ஸ்ட்ரோலர் இருந்தால் அதையே எடுங்கள், பெரியது கூட்டத்தில் திரும்பாது.

படி 3: பயணம்

சான் ஹோசேயிலிருந்து ஏறக்குறைய 70 மைல், போக்குவரத்து இல்லாவிட்டால் ஒன்றேகால் மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்பினால் ஒன்பதரைக்குள் போய்விடலாம். ஹைவே 101இல் தெற்கே போய், 156இல் திரும்பி, காஸ்ட்ரோவில் பக்கம் ஹைவே 1ஐப் பிடிக்கிற வழிதான் குழந்தைகளுக்கு ஏற்றது. சான்டா க்ரூஸ் வழியாகப் போகிற 17ஆம் ஹைவே மலையில் வளைந்து வளைந்து போகும்; வாந்தி எடுக்கிற குழந்தை இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். 101இல் கில்ராயைத் தாண்டும்போது கண்ணாடியை இறக்கினால் பூண்டு வாசனை வரும். "யாரு ரசம் வைக்கிறா?" என்று என் அம்மா கேட்டார். அந்த ஊரே பூண்டுக்குப் பேர் போனது.

அக்வேரியத்துக்கென்று தனியாகப் பார்வையாளர் பார்க்கிங் கிடையாது. அக்வேரியம் இருக்கிற கேனரி ரோ தெருவுக்கு ஒரு தெரு மேலே நகராட்சியின் அடுக்குமாடி பார்க்கிங் இருக்கிறது. தெருவோர மீட்டரைத் தேடிச் சுற்றாமல் நேராக அங்கே போய் நிறுத்திவிடுங்கள். தெருவோரத்தில் நேர வரம்பு உண்டு; குழந்தை ஆசையாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது மீட்டருக்காக ஓட வேண்டியிருக்கும்.

படி 4: வாசலில் ஐந்து நிமிடம்

உள்ளே போனதும் பழைய கொதிகலன்கள் கண்ணில் படும். இந்தக் கட்டடம் இருக்கிற இடம் ஒரு காலத்தில் ஹாவ்டன் சாளை மீன் தொழிற்சாலை. மீனை டப்பாவில் அடைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வளைகுடாவில் சாளை வரத்து விழுந்தது. ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் இதுவும் 1973இல் மூடப்பட்டது. அதே இடத்தில் 1984 அக்டோபர் 20 அன்று அக்வேரியம் திறக்கப்பட்டது. ஹெவ்லெட் பேக்கர்ட் கம்பெனியைத் தொடங்கிய இருவரில் ஒருவரான டேவிட் பேக்கர்டும் அவர் மனைவி லூசிலும் இதற்காகக் கொடுத்தது 5.5 கோடி டாலர். அவர்கள் மகள் ஜூலி பேக்கர்ட் தொடக்கத்திலிருந்தே பல பத்தாண்டுகள் தலைமைப் பொறுப்பில் இருந்தார்.

குழந்தைக்கு இந்தக் கதை வேண்டியதில்லை. பெரியவர்களுக்குச் சொல்லுங்கள். "சாளைக்கு இம்புட்டுப் பெரிய கட்டடமா!" என்று என் அம்மா நின்றுவிட்டார். தூத்துக்குடியில் சாளை ஏழை வீட்டு மீன். சென்னைப் பக்கம் மத்தி என்பார்கள். அந்த ஒரு நிமிடத்தில் இது அவருக்கும் சொந்த இடமாகிவிட்டது.

அன்றைய உணவூட்டும் நிகழ்ச்சிகளின் நேரப் பட்டியலை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். நீர்நாய், கெல்ப் காடு, பென்குயின் எல்லாவற்றுக்கும் நேரம் உண்டு. நாளுக்கு நாள் மாறும். ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கழிப்பறைக்கு இப்போதே ஒருமுறை போய்வந்துவிடுவதும் நல்லது.

படி 5: முதல் இடம், கெல்ப் காடு

கதவு திறந்ததும் எல்லோரும் நீர்நாய்க்கு முன்னால் கூடுவார்கள். நீங்கள் அதைத் தாண்டி நேராகக் கெல்ப் காட்டுக்குப் போய்விடுங்கள். முதல் அரை மணி நேரம் அங்கே கூட்டமே இருக்காது.

தொட்டியின் உயரம் 28 அடி. அதற்குள் ராட்சதக் கடற்பாசி உயிரோடு வளர்கிறது. மேலே கூரை கிடையாது, சூரிய ஒளி நேராக உள்ளே விழும். கெல்ப்புக்கு வெளிச்சம் மட்டும் போதாது, ஆடிக்கொண்டே இருக்கிற தண்ணீரும் வேண்டும். அதனால் உள்ளே அலை எழுப்பும் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். காடு முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்து, மூச்சு விடுவதுபோல அசையும். ஒரு நாளைக்குச் சுமார் நான்கு அங்குலம் வளர்வதால் முக்குளிப்பவர்கள் இறங்கி அடிக்கடி வெட்டிவிடுகிறார்கள்.

தண்ணீர் வளைகுடாவிலிருந்தே வருகிறது, நிமிடத்துக்கு 2,000 கேலன் வரை. பகலில் நாம் தெளிவாகப் பார்ப்பதற்காக வடிகட்டி விடுவார்கள். இரவில் வடிகட்டாமல் அப்படியே விடுவார்கள். அதில் வரும் நுண்ணுயிர்கள்தான் உள்ளே பாறையில் ஒட்டி வாழும் பலவற்றுக்குச் சாப்பாடு. இதை என் மகளிடம், "நம்ம தூங்கும்போது அவங்க சாப்பிடுவாங்க" என்று சொன்னேன். இன்றுவரை மறக்கவில்லை.

இங்கே செய்ய வேண்டியது, கண்ணாடிக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவது. குழந்தையைத் தூக்கிவைத்துக் காட்டாதீர்கள். உட்கார்ந்தால் அவள் கண் மட்டத்துக்குச் சிறுத்தைச் சுறா வரும். புள்ளி போட்ட, சாதுவான சுறா. சாளைக் கூட்டம் ஒரே நேரத்தில் திரும்பும்போது வெள்ளித் தட்டைத் திருப்பியது மாதிரி இருக்கும். நீங்கள் பெயர்களைப் படித்துக் காட்ட வேண்டாம், அவள் கை நீட்டுகிற மீனைப் பற்றி மட்டும் பேசுங்கள். இருபது நிமிடம் ஓடிவிடும்.

உணவூட்டும் நிகழ்ச்சி ஒன்றுதான் பார்ப்பது என்றால் என் ஓட்டு இதற்குத்தான். முக்குளிப்பவர் முகமூடிக்குள் ஒலிவாங்கி வைத்திருப்பார், தண்ணீருக்குள் இருந்தபடியே பேசுவார், கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்வார். நிகழ்ச்சிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே வந்து உட்கார்ந்தால்தான் முன்வரிசை கிடைக்கும்.

படி 6: இரண்டாம் இடம், தொட்டுப் பார்க்கும் தொட்டிகள்

நட்சத்திர மீன், கடல் அட்டை, திருக்கை எல்லாவற்றையும் இங்கே தொடலாம். பிடுங்கக் கூடாது, தூக்கக் கூடாது. இரண்டு விரலை நனைத்துக்கொண்டு மெதுவாகத் தடவ வேண்டும். வீட்டிலேயே உங்கள் கையின் மேல் அந்த இரண்டு விரல் பயிற்சியைக் கொடுத்துவிடுங்கள். குழந்தை பயந்தால் வற்புறுத்தாதீர்கள். முதலில் நீங்கள் தொடுங்கள், அப்புறம் பெரியவர்கள் தொடட்டும். எங்கள் மகள் ஆச்சி தொட்ட பிறகுதான் தொட்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. நான் பலகையைப் பார்த்து ஆங்கிலப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தேன். அம்மா பலகையைப் பார்க்கவே இல்லை. "இது திருக்கைடா. வாலுல முள்ளு இருக்கும், எங்க ஊர்ல வலையில மாட்டுனா மொத வாலத்தான் பார்ப்பாங்க" என்றார். நெத்திலி, சூரை (டூனா), கொம்பன் சுறா (ஹாமர்ஹெட்), பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) என்று வரிசையாகப் பெயர் வந்தது. மகள் என்னை விட்டுவிட்டு ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். இனம் அச்சு அசலாக ஒன்றாக இருக்காது, அங்கே இருக்கிற திருக்கை வேறு, நம் ஊர்த் திருக்கை வேறு. ஆனாலும் குடும்பம் ஒன்றுதான். உங்களோடு தாத்தா பாட்டி வந்தால் வழிகாட்டி வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். கடற்கரை ஊர்க்காரர்களாக இல்லாவிட்டாலும் மீன் கடைக்குப் போனவர்களாக இருப்பார்கள்.

பக்கத்தில், வளைந்த கண்ணாடிக் கூரைக்கு மேல் அலை வந்து மோதும் ஓர் இடம் இருக்கிறது. கீழே நின்றால் தலைக்கு மேல் தண்ணீர் இடிக்கும். சில குழந்தைகள் இன்னும் இன்னும் என்று கேட்கும், சில அலறிவிடும். முதலில் தள்ளி நின்று ஒரு அலையைக் காட்டிவிட்டுக் கூட்டிப் போங்கள். கை கழுவ மறக்க வேண்டாம்.

படி 7: மூன்றாம் இடம், கடல் நீர்நாய்

காலைக் கூட்டம் கலைந்த பிறகு, உணவூட்டும் நேரம் அல்லாத வேளையில் வாருங்கள். இரண்டு மாடி உயரத் தொட்டி; மேலிருந்து மிதப்பதையும் கீழிருந்து நீந்துவதையும் பார்க்கலாம்.

இங்குள்ளவை தாயைப் பிரிந்து குட்டியாகக் கரை ஒதுங்கி மீட்கப்பட்டவை, கடலுக்குத் திரும்ப முடியாதவை. இதே அக்வேரியத்தில் அநாதைக் குட்டிகளுக்கு வளர்ப்புத் தாய் நீர்நாயைச் சேர்த்து வளர்த்து, கடலில் விடுகிற திட்டமும் நடக்கிறது. குட்டிக்குப் பால் கொடுக்கும் ஊழியர்கள் கறுப்பு அங்கி போட்டு, முகத்தை வெல்டிங் முகமூடியால் மறைத்துக்கொள்வார்கள். மனிதர் முகம் பழகிவிட்டால் அது கடலில் பிழைக்காது என்பதற்காக. சின்னக் குழந்தைகள் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

கொழுப்பு அடுக்கு இல்லாத உடம்பு அது. குளிரைத் தாங்குவது ரோமம்தான், ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடி வரை இருக்கும். அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி, கலிஃபோர்னியாவில் அடியோடு அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1938இல் மான்டரேக்குத் தெற்கே உள்ள பிக் சர் கரையில், பிக்ஸ்பி பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூட்டம் கண்ணில் பட்டது. இன்று இந்தக் கரையில் இருப்பவை எல்லாம் அப்படித் தப்பியவற்றின் வழி வந்தவை, மொத்தம் மூவாயிரம் அளவில். நீர்நாய் கடல் முள்ளெலியைத் தின்னும், கடல் முள்ளெலி கெல்ப்பைத் தின்னும். காலையில் பார்த்த காட்டுக்குக் காவல்காரர் இவர்தான் என்று குழந்தையிடம் சொல்லிப் பாருங்கள்.

படி 8: சாப்பாடு

காட்சிக் கூடங்களுக்குள் சாப்பிட விடமாட்டார்கள். உள்ளே உணவகம் உண்டு, மதியம் வரிசை நீளும். நாங்கள் வாசலில் சொல்லிவிட்டு வெளியே போய், சாப்பிட்டுத் திரும்பி வருவோம். திரும்பி உள்ளே வர என்ன செய்ய வேண்டும் என்று வெளியேறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குப் பக்கத்தில் பழைய ரயில் பாதையில் அமைத்த நடைபாதை போகிறது. அதில் மேற்கே சில நிமிடம் நடந்தால் ஹாப்கின்ஸ் கடல் ஆய்வு நிலையத்தின் வேலி. வேலிக்கு அப்பால் சின்ன மணல்கரையில் சீல்கள் வரிசையாகப் படுத்துக் கிடக்கும். வசந்த காலத்தில் குட்டிகளோடு இருக்கும், சத்தம் போடாமல் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் சாப்பிட வைத்துவிடுங்கள். பசி வந்த பிறகு எந்தத் திட்டமும் நிற்காது.

படி 9: நான்காம் இடம், திறந்த கடல்

சாப்பிட்ட பிறகு முதலில் சிறுவர் பகுதிக்குப் போய், பென்குயின்களைப் பார்த்து, தண்ணீரில் அளைந்து விளையாட விடுங்கள். இரண்டாவது செட் உடுப்பு இதற்குத்தான். இதை நான் நான்கில் ஒன்றாகக் கணக்கு வைக்கவில்லை. இது அவளுக்கு இடைவேளை.

பிறகு ஜெல்லிமீன் கூடம் வழியாகத் திறந்த கடலுக்கு. எங்கள் கடற்கரையில் ஜெல்லிமீனைச் சொறிமுட்டை என்பார்கள், பட்டால் அரிக்கும் என்பதால். நீலப் பின்னணியில் செம்மஞ்சளாக அது விரிந்து சுருங்குவதைப் பார்த்து, "இது இம்புட்டு அழகா இருக்கும்னு தெரியாமப் போச்சே" என்றார் அம்மா.

திறந்த கடல் தொட்டியில் 12 லட்சம் கேலன் தண்ணீர். சூரை மீன்கள், கொம்பன் சுறா, கடலாமை, பெரும் சாளைக் கூட்டம். சூரை ஒரு நொடிகூட நிற்காது. நீந்தினால்தான் அதன் செவுளுக்குத் தண்ணீர் போகும். இருட்டு அறை, நீல வெளிச்சம். மதியத் தூக்கத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்ட்ரோலரைச் சாய்த்துப் போட்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுங்கள். குழந்தை தூங்கும், பெரியவர்களுக்கும் கால் ஆறும். இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணமே அதுதான்.

2022இல் திறந்த ஆழ்கடல் கூடம் அருமையானது, ஆனால் நன்றாகவே இருட்டு. நான்கு வயதுக்குக் கீழே என்றால் இந்தத் தடவை விட்டுவிடலாம். முதல் பயணத்தில் அழுகை தொடங்கியது இதுபோன்ற இருட்டில்தான். பெரியவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் போய்வரலாம். எங்கேயும் ஃப்ளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள், பேய்க்கணவாய் முன்னால் நிச்சயமாக வேண்டாம்.

படி 10: கிளம்புவது

பரிசுக் கடையில் ஒரே ஒரு பொருள் என்று காலையில் காரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

மூன்று மணி சுமாருக்குக் கிளம்பிவிட்டால் நெரிசலுக்கு முன் 156ஐத் தாண்டலாம். ஞாயிறு மாலை அந்தச் சாலை மிகவும் மெதுவாகப் போகும். குழந்தை தெம்பாக இருந்தால் ஹைவே 1இல் வடக்கே சுமார் 25 நிமிடம் போய் மாஸ் லேண்டிங் துறைமுகத்தில் நில்லுங்கள். எல்க்ஹார்ன் உப்பங்கழி கடலில் சேர்கிற இடம். கட்டணம் இல்லை, கண்ணாடி இல்லை. காட்டு நீர்நாய்கள் மல்லாந்து மிதந்துகொண்டிருக்கும். அக்வேரியத்தில் வளர்ப்புத் தாயிடம் வளர்ந்த குட்டிகளை விட்டதும் இந்தக் கழியில்தான்.

அம்மா ஊருக்குத் திரும்பிய பிறகு, நேரலைக் கேமராவின் சுட்டியை அவர் போனில் போட்டுக் கொடுத்தோம். கோடை நேரக் கணக்கில் இங்கே காலை ஏழு என்றால் தூத்துக்குடியில் இரவு ஏழரை. இங்கே மகள் பால் குடிக்கும் நேரம், அங்கே ஆச்சி சாப்பிட்டு முடிக்கும் நேரம். இருவரும் ஒரே தொட்டியைப் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். நேற்று சாளைக் கூட்டம் திரும்பியபோது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே சமயத்தில் "அந்தா!" என்று சத்தம் வந்தது.